காகிதம் அசைந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தாய், வெளியிடவில்லை. ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்வி உனக்கு மட்டும் உரியதில்லை. இந்த ஜூலை மாத மழையில் புனேயின் எத்தனையோ பள்ளிகளில் பாடக் குறிப்பு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது. அதனால் பதிலைப் பலரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உனக்கு என் மகள் வயது. நீ என்றே கூப்பிடுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகவே எழுதியிருக்கிறாய். பி.எட். இரண்டாம் ஆண்டு, பள்ளியில் கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரம், ஏழாம் வகுப்பு. திங்கட்கிழமை உன் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை 35 நிமிடப் பாடம் 20 நிமிடத்தில் முடிந்துபோய், மீதி 15 நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் கரும்பலகையை அழித்து அழித்து எழுதினாய். புதன்கிழமை பையன்கள் சிரித்தார்கள். வழிகாட்டி ஆசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பேனா நகர்வது மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி: "நானே இன்னும் முழுசாகப் படிக்காதவள். அரைகுறையாகத் தெரிந்த என்னை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவளுக்குத்தான் வகுப்பறைக்குள் போகும் தகுதி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணம் ஆகி 1984இல் கட்கிக்கு வந்தேன், வீட்டுக்காரருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நான்கு வருடம் கழித்து பி.எட். சேர்ந்தேன். அப்போது அது ஒரே வருடப் படிப்பு. பயிற்சிப் பாடங்களுக்காக என்னை ஒரு மராத்தி வழிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க. மகாராஷ்டிராவில் மராத்தி வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்பது 2000இல்தான் வந்தது. அந்த நாளில் ஐந்தாம் வகுப்பில்தான் ஏ, பி, சி தொடங்கும். ஆக, ஆங்கிலத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைகள், மராத்தியின் வாசலில் நிற்கும் டீச்சர். அங்கே டீச்சரை 'பாயீ' என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை 48 பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் 'நமஸ்தே பாயீ' என்று இழுத்துச் சொன்னபோது, எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வந்து நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

முதல் பாடம். பாடக் குறிப்பை இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியிருந்தேன். அப்பா பல்வந்த் சௌக்கில் வாங்கிய சார்ட்டில் வண்ணம் தீட்டியிருந்தேன். வகுப்புக்குள் போனால் கரும்பலகைப் பக்கத்தில் சாக்பீஸ் இல்லை. முன் பெஞ்சுப் பையனிடம், போய் சாக்பீஸ் எடுத்துவா என்று மராத்தியில் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரு விநாடி அமைதி. அப்புறம் சிரிப்பு. ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் பரவி, கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள்.

மராத்தியில் சாக்பீஸுக்குக் கடூ என்று பெயர். கசப்புக்கும் கடூ என்றுதான் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நம்மிடம் இருப்பது ஒரே க. அவர்களுக்கு முதலாவது மூச்சோடு வெடித்து வரும் இரண்டாவது க, அடுத்தது சாதாரண முதல் க. 'போய்க் கசப்பு எடுத்துவா' என்று நான் சொல்லியிருக்கிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பதுதான் கொடுமை. பையன் சாக்பீஸ் எடுத்துவந்ததும், முதுகைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையில் தேதி எழுதினேன். சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியதில் எழுத்து கோணிப்போனது.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் போகவில்லை. இரட்டைப் பின்னலை வளைத்து மேலே ரிப்பன் கட்டியவள். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தாள். அதைத் தன் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு முதல் க சொன்னாள். காகிதம் அசையவில்லை. இரண்டாவது க சொன்னாள். காகிதம் படபடத்தது. பிறகு கையை நீட்டி என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். நான் இரண்டையும் சொன்னேன். இரண்டுக்கும் காகிதம் அப்படியே தொங்கியது. அவள் சிரிக்கவில்லை. மறுபடி தன் வாய்க்கு முன்னால் வைத்துக் காட்டினாள், மறுபடி என் வாய்க்கு முன்னால் பிடித்தாள். ஐந்து நிமிட இடைவேளை அதிலேயே போனது. வியாழக்கிழமை என் காகிதம் அசைந்தது. அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோஷம்தான் ஆசிரியரின் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்த முதல் பாடம்.

அவள் எப்படி அதைச் சொல்லிக் கொடுத்தாள் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். மராத்தி தாய்மொழியாகப் பேசும் பெரியவர் யாரிடமாவது கேட்டிருந்தால், 'சரியாகச் சொல்லுங்கள்' என்று அதே சொல்லை உரக்கச் சொல்லியிருப்பார். அவருக்கு அது எப்போது, எப்படி வந்தது என்பது மறந்துபோன விஷயம். அந்தச் சிறுமிக்கு எங்கிருந்து காகிதம் தோன்றியது? அவளுடைய தம்பிக்குப் பேச்சு தாமதமாக வந்தது, வீட்டில் அவள்தான் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள் என்று பின்னால் தெரிந்தது. எந்த இடத்தில் வாய் தடுக்குகிறது என்று அவள் கிட்டத்தில் இருந்து பார்த்தவள். அந்த நினைவு அவளிடம் ஆறாமல் இருந்தது.

மகளே, உன் கேள்விக்கு என் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. முந்தாநாள் கற்றுக்கொண்டவளுக்குத் தடுக்கி விழுந்த இடம் ஞாபகம் இருக்கும். முப்பது வருடம் பாடம் எடுத்தவர்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், அந்த இடம் தேய்ந்து சமதரையாகிவிடும். பின்னத்தில் எங்கே குழம்பினாய், எந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தாய், யார் சொன்ன எந்த உதாரணத்தில் விளங்கியது, இவையெல்லாம் உனக்கு இன்னும் பச்சையாக இருக்கின்றன. அரைகுறை என்று நீ சொல்கிறாயே, அதுதான் உன் கையிருப்பு. விஷயத்தில் அரைகுறையாக இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நாளைய பாடத்தை இன்று ராத்திரி முழுசாகப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. படித்து முடித்தது நேற்றுத்தான் என்பதற்காகக் கூச்சப்படாதே, அவ்வளவுதான்.

இது புதிதில்லை. அந்த நாளில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவி ஒருவர், பிள்ளைகள் எல்லா வயதிலும் இருப்பார்கள். விவரமான பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னதுகளுக்கு மணலில் விரல் பிடித்து எழுத வைப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் பழகும் இந்த நாட்டு வழக்கத்தைப் பார்த்துத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, எழுத்துப் படிக்கும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாது என்று சொன்னதை அந்தப் பையன் செய்து காட்டினான். பெல் 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்க அது பரவியது. படித்துக்கொண்டே கற்பிக்கும் ஆளை ஆசிரியப் பயிற்சியின் முதல் படியாக அந்த நாடு வைத்துக்கொண்டதற்கு அடியில் நம் மணல் கிடக்கிறது. அந்த முறையை முழுக்க நான் மெச்சவில்லை. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்கவும், மனப்பாடத்தைக் கூட்டவும் அது பயன்பட்டது. ஆனாலும் ஃப்ரிஸ்கன் என்ற பையனை என்னால் மறக்க முடிவதில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு நீ இந்தக் கேள்வியைக் கேட்பதால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயரில்தான் 2014 முதல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி 3ஆம் தேதியும் பள்ளியில் மாலை போடுகிறோம். மாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணை நீ பார்க்க வேண்டும்.

சாவித்திரிபாய் 1831இல் சாத்தாரா மாவட்டத்து நாய்காவில் பிறந்தார். ஒன்பது வயதில் கல்யாணம், மாப்பிள்ளை ஜோதிராவுக்குப் பதின்மூன்று. புகுந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டிலேயே கணவர் சொல்லிக் கொடுத்தார். பிறகு கணவரின் நண்பர்கள் சகாராம் பராஞ்சபே, கேசவ் பவாள்கர் இருவரும் சொல்லிக் கொடுத்தார்கள். அகமதுநகரில் சிந்தியா ஃபாரார் என்ற அமெரிக்க மிஷனரி அம்மையார் நடத்திய இடத்திலும், புனேயில் மிட்செல் அம்மையாரின் நார்மல் ஸ்கூலிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1848இல் புதவார் பேட்டையில் தாத்யாசாகேப் பிடேயின் வாடாவில் (பெரிய முற்றத்து வீட்டில்) பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, படிக்க வந்தவர்கள் பத்துக்கும் குறைவு. கற்பிக்க நின்றவர் சில வருடத்துக்கு முன்புதான் எழுத்தைக் கற்றவர். மாணவ ஆசிரியை என்று உன்னைச் சொல்கிறார்களே, அதே சொல் அவருக்கும் பொருந்தும்.

அவர் பள்ளிக்குப் போகும் வழியில் சாணியும் சேறும் எறிந்தார்கள் என்றும், அதனால் பையில் இன்னொரு சேலை எடுத்துப்போவார் என்றும் அவரை அறிந்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் சொல்லும் செய்திதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் கண்ணில் நிற்கும். காலையில் கிளம்பும்போதே இன்றும் எறிவார்கள் என்று தெரிந்து, சேலையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பள்ளிக்கு வந்து, அழுக்குச் சேலையை அவிழ்த்துப்போட்டு, துவைத்ததைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கிறார். பிள்ளைகள் பார்த்தது துவைத்த சேலையை. வெளியில் நடந்ததை வகுப்புக்குள் கொண்டுவராமல் இருப்பது அந்த நாளில் அவர் தனியாகக் கண்டுபிடித்த ஆசிரியப் பயிற்சி.

அந்தப் பள்ளியும் நேர்கோட்டில் போகவில்லை. 1849இல் மாமனார் வீட்டை விட்டு இருவரும் வெளியேற வேண்டியிருந்தது. உஸ்மான் ஷேக் என்ற நண்பர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். முதல் பள்ளி சில மாதங்களில் நின்றுபோனது. 1851 ஜூலையில் சிப்ளூண்கர் வாடாவில் மறுபடி தொடங்கினார்கள், பிறகு ராஸ்தா பேட்டை, வேத்தாள் பேட்டை என்று பள்ளிகள் வளர்ந்தன. 1852 நவம்பரில் விஷ்ராம்பாக் வாடாவில் அரசு ஜோதிராவுக்குச் சால்வை போர்த்தியது. 1855இல் அவர்கள் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதய' பத்திரிகையில் அது வெளிவந்தது. ஒரு மாணவி அப்படி எழுதுவதற்கு ஏழு வருடம் முன்பு, நின்றுபோன ஒரு பள்ளி இருந்தது என்பதை உன் மூன்றாம் நாளோடு சேர்த்து நினைத்துக்கொள்.

1856 அக்டோபரில் சாவித்திரிபாய் உடம்பு சரியில்லாமல் நாய்காவில் பிறந்த வீட்டில் இருந்தபோது கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் இல்லாததால் பள்ளியில் உடன் கற்பித்த பாத்திமாவுக்கு வேலை கூடியிருக்கும், ஆனாலும் அவர் முணுமுணுக்க மாட்டார் என்ற பொருளில் அதில் ஒரு இடம் வருகிறது. உடம்பு சரியில்லாத நேரத்திலும், தன் வகுப்பை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவலைப்படுவது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த கவலை. சிலைகளில் இல்லாத சாவித்திரிபாய் அந்தக் கடிதத்தில் இருக்கிறார்.

முதல் பள்ளி நடந்த பிடே வாடா இப்போது இல்லை. தகடூஷேட் கணபதி கோயிலுக்கு எதிரே வருடக்கணக்காகப் பாழடைந்து நின்று, வழக்கெல்லாம் முடிந்து, நினைவகம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் இடித்தார்கள். நீ சார்ட் வாங்கும் அப்பா பல்வந்த் சௌக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒருநாள் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வா.

இனி உன் மூன்று நாட்களுக்கு வருகிறேன்.

குரல் கேட்கவில்லை என்பதற்குக் கத்தாதே. கத்தினால் முதல் மாதத்திலேயே தொண்டை கட்டிப்போகும், பிள்ளைகளும் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுவார்கள். பேசுவதற்கு முன்னால் கடைசி பெஞ்சில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள், அந்தப் பிள்ளையிடம் பேசுகிறதாக நினைத்துப் பேசு. குரல் தானாக அங்கே போகும். எழுதும்போது பேசாதே. கரும்பலகைக்குச் சொன்ன பாடம் கரும்பலகைக்குத்தான் புரியும். முழு சாக்பீஸ் கிறீச்சிடும், பாதியாக ஒடித்துக்கொண்டால் சத்தம் வராது. இதையெல்லாம் கல்லூரியில் சொல்லித் தர மாட்டார்கள். நாங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கியது.

35 நிமிடப் பாடம் 20 நிமிடத்தில் முடிந்தது ஏன் தெரியுமா? நீ கேள்வி கேட்டுவிட்டு நீயே பதில் சொல்லியிருப்பாய். பயம் வந்தால் எல்லோரும் செய்வது அதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். மூன்று விநாடி காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். வகுப்பு முன்னால் நின்று மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார், ஒரு யுகம்போல இருக்கும். அந்த யுகத்தைத் தாங்கு.

நுண்ணிலைக் கற்பித்தலில் உனக்கு 36 நிமிடச் சுழற்சி பழக்கியிருப்பார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம். அதில் அதிக நேரம் எதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கவனித்தாயா? தப்பாகிப்போன பாடத்தை உட்கார்ந்து மறுபடி யோசிப்பதற்கு. கல்லூரியில் உன் சக மாணவிகளே பிள்ளைகளாக நடித்து உட்கார்ந்தபோது அது சடங்காகத் தெரிந்திருக்கும். நிஜ வகுப்பில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை யாரும் உனக்கு ஒதுக்கித் தர மாட்டார்கள். பள்ளி விட்டு வரும் பஸ்ஸில் நீயே எடுத்துக்கொள்.

பையன்கள் சிரித்தது பற்றி. கிஜுபாய் பதேகா எழுதிய 'பகல் கனவு' தமிழில் கிடைக்கிறது, படித்திருப்பாய். படிக்காவிட்டால் படி. நான்காம் வகுப்பில் புதுமுறையில் பாடம் எடுத்துக் காட்டுகிறேன் என்று அனுமதி வாங்கி வந்த ஆசிரியர், முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஒன்றைத் தொடங்குகிறார். வகுப்பு ரணகளமாகிறது. அன்றைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்கிறார். 1930களில் வந்த அந்தப் புத்தகத்தை நாடு முழுக்க ஆசிரியர்கள் இன்னும் கையில் வைத்திருப்பதற்குக் காரணம், அது தோல்வியிலிருந்து தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். கிஜுபாய் அந்த முதல் நாளை மறைக்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஓடும் பேனா பற்றியும் எழுதியிருந்தாய். அது உன்னைத் தண்டிக்க ஓடவில்லை. பெரும்பாலும் அவர்கள் முன் அச்சடித்த படிவத்தை நிரப்புகிறார்கள், அதைத் தாண்டி ஒரு வரியாவது உனக்காக எழுதுகிற ஆசிரியை கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள். என்னுடைய நோட்டில் ஒருமுறை 'பாடக் குறிப்பிலிருந்து விலகல்' என்று எழுதினார்கள். அந்த வகுப்பில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். கரும்பலகைக்கு மராத்தியில் ஃபளா. அவனுக்கு ள வரவில்லை, ஃபலா என்பான், பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தியில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை. மராத்திக்கும் நமக்கும் அது பொது. அன்று ஆங்கிலப் பாடத்தை நிறுத்திவிட்டு, என் உள்ளங்கையை நாக்காக மடித்துக்காட்டி, நுனி மேலே எங்கே தொடுகிறது என்று அவனுக்குக் காட்டினேன். பத்து நிமிடம் போனது. அவன் சொல்லிவிட்டான். ரிப்பன் கட்டியவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், ஒரு ஆசிரியை இன்னொரு ஆசிரியையைப் பார்ப்பதுபோல. நோட்டில் எழுதியது அந்த மேற்பார்வையாளர் நோக்கில் சரிதான். எனக்கு அன்றைய பத்து நிமிடத்தில் இன்றுவரை வருத்தமில்லை.

ஒன்றைக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது இரண்டு வருட பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று 2014இல் விதி வந்தது. நல்ல விதி. எங்களுக்குக் கிடைக்காத நேரம். ஆனால் பல இடங்களில் மாணவ ஆசிரியர்களை லீவு போட்டவர்களின் வகுப்பில் காவலுக்கு உட்காரவைக்கிறார்கள், பதிவேட்டை நிரப்பச் சொல்கிறார்கள், விழாவுக்குத் தோரணம் கட்டச் சொல்கிறார்கள். சம்பளமில்லாத கை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த 20 வாரம் உனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்தது. காவலுக்குப் போட்டாலும் சும்மா உட்காராதே, அந்த வகுப்பில் யார் யாரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று பார். மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்காரும்போதும் ஆசிரியரைப் பார்க்காமல் ஒரே ஒரு பிள்ளையைப் பார். 35 நிமிடமும் அந்த ஒரு பிள்ளையை மட்டும். எப்போது தலை நிமிர்ந்தது, எப்போது பென்சில் சீவத் தொடங்கியது, எப்போது பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் ஐந்து பிள்ளைகளை இப்படிப் பார்த்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாததை நீ எழுதிவைத்திருப்பாய்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்கு பக்கத்தில் உன் குரல் இருக்கிறது, உன் சார்ட் இருக்கிறது, வழிகாட்டி ஆசிரியையின் பேனா இருக்கிறது, 'பையன்கள்' இருக்கிறார்கள், 'நாற்பது பிள்ளைகள்' இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, முதல் வாரத்தில் நம்மையே பார்த்துக்கொள்ளத்தான் கண் இருக்கும். எனக்கும் ரிப்பன் கட்டியவளின் பெயர் வியாழக்கிழமைதான் தெரிந்தது, காகிதம் அசைந்த பிறகு. அதுவரை அவள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். புதன்கிழமை எல்லோரும் சிரித்தபோது ஜன்னல் ஓரத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள் என்று. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை வரிசை எண்ணால் கூப்பிடாமல் பெயரால் கூப்பிடு. அவள் பெயர் வரும்போது நிமிர்ந்து பார். மணி அடித்ததும் அவள் பக்கம் போய், புதன்கிழமை என்ன எழுதினாய் என்று கேள். மூன்று விநாடி காத்திரு.

அவள் பெயரையும், அவள் காட்டியதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
கட்கியிலிருந்து உன் பாயீ